மழை குறைவு என்பது பாதிக் கதைதான்

மானாவாரி விவசாயம் பற்றிப் பேச்சு எழுந்தாலே முதல் கேள்வி, ‘இந்த ஆண்டு எத்தனை மில்லிமீட்டர் பெய்தது?’ என்பதுதான். பெய்ததில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் நெடுநாள் ஆற்றாமை உண்டு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 4,000 லிட்டர். ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 2 லட்சம் லிட்டர். மறுநாள் காலையில் ஓடையில் கலங்கலாகப் போவது அந்தத் தண்ணீர் மட்டுமல்ல, நம் மேல்மண்ணும்தான்.

ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் இருக்கும் இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனம் 1976-இல் கரிசல் நிலத்தில் ஒரு பரிசோதனையைத் தொடங்கியது. ஒரு பகுதியில் அந்த வட்டார விவசாயிகள் வழக்கமாகச் செய்யும் முறை. இன்னொன்றில் மண், நீர், பயிர் மூன்றையும் சேர்த்துத் திட்டமிட்ட முறை. இரண்டுக்கும் ஒரே வானம், ஒரே மழை. சுஹாஸ் வானியும் உடன் பணியாற்றிய விஞ்ஞானிகளும் அந்த அளவீடுகளைப் பல ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தார்கள். மூன்று ஆண்டுத் திட்டம், ஒரு அறிக்கை, அத்தோடு கோப்பு மூடல் என்று பழகிவிட்ட நமக்கு அந்தப் பொறுமையே பெரிய பாடம்.

கரிசலின் குணம் தெரிந்தால்தான் இந்த வேலையின் அருமை புரியும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முதல் மழையை வெடிப்புகள் வழியே மளமளவென்று குடித்துவிடும். பிறகு மண் உப்பி வெடிப்புகள் மூடிக்கொண்டதும் தண்ணீர் உள்ளே இறங்குவது மிகவும் மந்தமாகிவிடும். மேலே நீர் கட்டும்; கால் வைத்தால் சேறு கணுக்கால் வரை அப்பும்; ஏர் இறங்காது. அதனால் தக்காணத்துக் கரிசலில் பலர் மழைக்காலம் முழுவதும் நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு, மழை ஓய்ந்த பிறகு மிஞ்சிய ஈரத்தில் சோளமோ கொண்டைக்கடலையோ விதைப்பார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த மாதங்களில் ஒவ்வொரு மழையும் மூடாக்கில்லாத வெற்று மண்ணை அறைந்து அடித்துச் செல்கிறது.

விஞ்ஞானிகள் செய்தது இதுதான். சுமார் ஒரு மீட்டர் அகலத்துக்கு மேட்டுப்பாத்தி, பக்கத்தில் அரை மீட்டர் சால். நூறு மீட்டருக்கு அரை மீட்டர் இறங்கும் அளவு மெல்லிய சாய்வு. பாத்தியில் வேர் அழுகாது. சாலில் தண்ணீர் மெதுவாக நகர்ந்தபடியே ஊறும். மிஞ்சுவது புல் வளர்ந்த வடிகால் வழியே குட்டைக்குப் போகும். பருவமழை வருவதற்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டு விவசாயிக்குப் புழுதி விதைப்பை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மக்காச்சோளத்தோடு துவரையை ஊடுபயிராக்கினார்கள். மக்காச்சோளம் அறுவடையான பிறகும் துவரை ஆழத்து ஈரத்தைத் தேடி நின்று காய்க்கும்.

திட்டமிட்ட முறையில் முப்பது ஆண்டுகளின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 5.1 டன். வழக்கமான முறையில் 1.1 டன். மண் அரிப்பு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஆறு டன்னுக்கு மேல் இருந்தது சுமார் ஒன்றரை டன்னாகக் குறைந்தது. 24 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 7 டன்னுக்கு மேல் கூடுதல் கரிமம் மண்ணில் சேர்ந்திருந்தது.

அந்த விளைச்சல் முழுவதையும் பாத்தியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. திட்டமிட்ட நிலத்துக்கு உரமும் நல்ல விதையும் கிடைத்தன. வானி பின்னாளில் வலியுறுத்தியதும் இதைத்தான்: மானாவாரி நிலங்களில் கந்தகம், போரான், துத்தநாகம் பரவலாகக் குறைந்து கிடக்கின்றன. அந்தக் குறை தீராமல் தண்ணீரை மட்டும் சேமித்தால் பயிர் அதை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளாது.

இவ்வளவு தெளிவாக நிரூபணமான ஒன்று ஏன் ஊர் ஊராகப் பரவவில்லை? ‘விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை’ என்ற பதிலைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. பாத்தி போடும் கருவி வாங்கப் பணம் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் சரிவு. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தன் சாலில் வடியும் தண்ணீரை எங்கே விடுவார்? அடுத்தவர் காட்டுக்குள்தான். அங்கே தொடங்கும் வரப்புத் தகராறை எந்த விஞ்ஞானியும் தனியாகத் தீர்த்துவிட முடியாது. தண்ணீருக்குப் பட்டா எல்லை தெரியாது. அதனால்தான் இக்ரிசாட் விஞ்ஞானிகள் 1999-இல் தெலங்கானாவின் கொத்தப்பள்ளி கிராமத்தில் இறங்கியபோது தனி வயல் என்றில்லாமல் மொத்த நீர்ப்பிடிப்புப் பகுதியையும் ஊர் மக்களோடு சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊர்களிலும் வடிகால் ஊர்ப் பொதுவேலையாக நடக்க வேண்டும். பாத்திக் கருவி கூட்டுறவுச் சங்கத்தில் வாடகைக்குக் கிடைக்க வேண்டும். எத்தனை பண்ணைக்குட்டை வெட்டினோம் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகிறோம். அவற்றில் எத்தனையில் தண்ணீர் தங்கியது, அந்தத் தண்ணீரால் எந்தப் பயிர் பிழைத்தது என்ற கணக்கையும் ஊர் வாரியாக வெளியிட வேண்டும்.