கங்காவை மறந்துவிட்ட சந்திரமுகி

‘சந்திரமுகி 2’ வந்து நாளாகிவிட்டது. பார்த்தவர்கள் திட்டி முடித்து மறந்தும் போயிருப்பீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. பார்த்த அன்றே எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. இப்போது கோபம் அடங்கி வருத்தம் மட்டும் தங்கியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். பதிவு நீளம், இரண்டு படங்களின் கதையும் இதில் வரும்.

2005 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. அன்றுதான் முதல் ‘சந்திரமுகி’ வந்தது. ‘பாபா’வுக்குப் பிறகு ரஜினி படம் வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. சிவாஜி புரொடக்‌ஷன்ஸின் 50-வது படம். அதே நாளில் ‘சச்சின்’, ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ இரண்டும் வந்தன. ‘சந்திரமுகி’ சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. மாடியறைக் கதவுக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்காவின் கையைப் பிடித்து நசுக்கியிருக்கிறேன். அவளுக்கும் பயம்தான், என்னைக் காட்டி மறைத்துக்கொண்டாள்.

ஆனால் அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். இதைத்தான் இந்தப் பதிவில் சொல்ல வந்தேன். பேய்ப்படம் பார்த்த சிறுவனுக்கு எப்படித் தூக்கம் வரும்? வந்ததற்குக் காரணம், அந்தப் படத்தில் பேயே கிடையாது.

யோசித்துப் பாருங்கள். வேட்டையபுரம் அரண்மனையில் நடக்கும் அத்தனைக்கும் காரணம் கங்கா (ஜோதிகா). பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, சந்திரமுகி என்ற அந்தக் கால நடனக்காரியின் கதையைக் கேட்டுக் கேட்டு, அந்த ஓவியத்தைப் பார்த்துப் பார்த்து, தன்னையே அவளாக நினைத்துக்கொள்ளும் ஒரு பெண். ரஜினி நடித்த சரவணன் மந்திரவாதி அல்ல, மனநல மருத்துவர். படம் முழுக்க துர்கா என்ற பெண்ணை நம்மைச் சந்தேகப்பட வைத்துவிட்டு, கடைசியில் எல்லோருக்கும் பிடித்த, சிரித்த முகத்தோடு வீட்டுக்குள் நடமாடும் மருமகளைக் காட்டுகிறார்கள். தியேட்டரில் அந்த நொடியில் விழுந்த அமைதியை இன்றைக்கும் என்னால் கேட்க முடிகிறது.

கட்டிலைத் தூக்கும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு அடுத்த சில நொடிகள் எத்தனை பேருக்கு நினைவிருக்கின்றன? கணவன் கதறிக் கூப்பிட்டதும் கங்கா திரும்பி வருகிறாள். நடந்தது எதுவும் தெரியாமல் அப்பாவியாக விழிக்கிறாள். கணவனாக நடித்த பிரபுவின் முகத்தில் அப்போது இருப்பது பயம் அல்ல. இவளுக்கு இப்படி ஒரு கஷ்டம் இருந்தது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்கிற தவிப்பு. ஜோதிகாவின் கண்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பிரபுவின் அந்த முகத்தைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

இந்தக் கதைக்கு வேர் மலையாளத்தில். 1993-ல் மது முட்டம் எழுதி பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’. ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். 2004-ல் பி. வாசு அதைக் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாக எடுத்தார், அடுத்த வருஷம் தமிழுக்குக் கொண்டுவந்தார். மலையாளத்தில் அந்த நடனக்காரி தமிழ்ப் பெண், தமிழ் பேசுவாள். தமிழில் அதே பாத்திரம் ஆந்திரத்திலிருந்து வந்தவள், தெலுங்கு பேசுவாள். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியின் வாயிலிருந்து திடீரென்று வேற்று மொழி வந்தால் எப்படி இருக்கும்! அந்த அந்நியம்தான் கதையின் உயிர் என்று புரிந்தவர்கள் செய்த மாற்றம் அது.

இன்னொன்று. அந்தப் படத்தில் மந்திரவாதியும் வருகிறார். வேறு படமாக இருந்தால் அவரை வில்லனாகவோ கோமாளியாகவோ ஆக்கியிருப்பார்கள். இங்கே அவர் மருத்துவரின் பேச்சை உட்கார்ந்து கேட்கிறார், ஒத்துழைக்கிறார். சந்திரமுகியைக் கொன்ற ராஜா வேட்டையன் என்று நம்பிக் கங்கா பழிதீர்ப்பது ஒரு பொம்மையை. அது பொம்மை என்று அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். உண்மையில் மனநோய்க்கு வைத்தியம் இப்படி ஒரே ராத்திரியில் முடியாது, மருந்தும் பேச்சுமாக மாதக்கணக்கில் போகும். அந்தப் பெரிய பாம்பு எதற்கு வந்தது என்பதும் கடைசிவரை புரியவில்லை. குறை இல்லாத படம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு நோயாளியைச் சுற்றி ஒரு குடும்பமே கைகோத்து நின்று காப்பாற்றுவதைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த படம் அது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் சித்தி ஒருவர் (அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்) அந்தச் சமயத்தில் பேச்சை நிறுத்தியிருந்தார். ராத்திரியில் எழுந்து தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பார். காத்து கருப்பு அண்டியிருக்கிறது என்று சொல்லி வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். படம் பார்த்துவிட்டு வந்த வாரம், அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “அந்தப் பொண்ணுக்கு வந்த மாதிரிதாங்க இவளுக்கும் இருக்கும். டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிப் பார்ப்போமே.” காட்டினார்கள். குணமாக ஒன்றரை வருஷம் பிடித்தது. சித்தி இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டார். ஒரு சினிமாவால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சை எடுக்க அம்மாவுக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டது, அந்த வார்த்தையைப் படம் கொடுத்தது.

இப்படி மனதில் உட்கார்ந்த படத்துக்குத் தொடர்ச்சி வருகிறது என்று 2020 ஏப்ரலில் செய்தி வந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதே பி. வாசு. நாயகன் ராகவா லாரன்ஸ். போகப் போக, சந்திரமுகியாகக் கங்கனா ரனாவத் என்று தெரிந்தது. இசை கீரவாணி, படம் வருவதற்குள் ‘நாட்டு நாட்டு’ பாட்டுக்கு ஆஸ்கரும் வாங்கிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, முருகேசனாக மீண்டும் வடிவேலு. தேதி தள்ளிப்போனபோதுகூட, நன்றாகச் செய்ய நேரம் எடுக்கிறார்கள் என்று நண்பர்களிடம் வாதாடினேன். 2023 செப்டம்பர் 28, முதல் நாளே போனேன். 18 வருஷக் காத்திருப்பு.

குலதெய்வ வழிபாட்டுக்காக ஒரு பெரிய குடும்பம் வேட்டையபுரம் வருகிறது, அதே அரண்மனையில் தங்குகிறது. இதுவரை சரி. பிறகு நிஜமான சந்திரமுகியின் ஆவி அந்த வீட்டுப் பெண்ணைப் பிடிக்கிறது. வேட்டையனின் ஆவியும் வருகிறது. கடைசியில் இரண்டு ஆவிகளின் பழைய பகை. அந்த இடத்தில் எனக்குக் கை கால் ஓய்ந்துவிட்டது.

ஆவி நிஜம் என்று ஆகிவிட்டால் கதையில் புதிர் ஏது? யார், ஏன் என்ற கேள்வியே இல்லை. முதல் படத்தில் ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் பின்னால் ஒரு மனுஷி இருந்தாள். இங்கே கதவு தானாகத் திறந்தால் ஆவி, ஆள் பறந்து விழுந்தால் ஆவி. எதற்கும் யாரும் கணக்குச் சொல்ல வேண்டாம். சரவணன் இல்லாத குறை அங்கேதான் தெரிந்தது. ரஜினி இல்லை என்பதைச் சொல்லவில்லை. நிதானமாக உட்கார்ந்து ஒரு மனிதரைக் கவனிக்கிற ஆள் கதையில் இல்லை.

முன்கதையும் அப்படித்தான். முதல் படத்தில் வேட்டையன் வருவது சில நிமிடங்கள். அதனால்தான் 18 வருஷமாக நாம் அவரைப் போல் பேசிக்கொண்டிருந்தோம். இங்கே அவருக்கு செங்கோட்டையன் என்று பெயர், சேனாதிபதி என்று பதவி, அரசனைக் கொன்று அரியணை ஏறிய கதை, வாள் சண்டை எல்லாம் கொடுத்து நீட்டிவிட்டார்கள். சந்திரமுகியும் பட்டும் நகையுமாக, அலங்காரம் கலையாமல் ஆடுகிறார். கங்கனா குறை வைக்கவில்லை, ‘ஸ்வாகதாஞ்சலி’ பாட்டு கேட்கவும் நன்றாகவே இருந்தது. ஆனால் ‘ரா ரா’ பாட்டில் மை கலைந்து, தலைமுடி அவிழ்ந்து, யாரும் இல்லாத கூடத்தில் தன் அரசவையைக் கற்பனை செய்துகொண்டு ஆடியவள் கங்கா. அவள் ஆடியதில் அழகைவிட வலி அதிகம். அந்த வலியை எடுத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் எத்தனை செலவு செய்து காட்டினால் என்ன?

வடிவேலுவைப் பார்த்ததும் கைதட்டினேன், மறுக்கவில்லை. ஆனால் 2005-ல் முருகேசனின் பயம் நம்முடைய பயம். சரவணன் அவரைச் சீண்டச் சீண்ட நம் பயமும் கரைந்தது. சிரிப்பும் திகிலும் ஒரே கயிற்றின் இரண்டு புரி போல இருந்தன. இங்கே காமெடி வந்தால் கதை நிற்கிறது, கதை வந்தால் காமெடி காணாமல் போகிறது.

லாரன்ஸின் ‘காஞ்சனா’ எனக்கு மிகவும் பிடித்த படம். அதில் பேய் நிஜம், அதற்கு ஒரு நியாயம் உண்டு, அந்த நியாயத்துக்காக நானும் அழுதிருக்கிறேன். அப்படியொரு படத்தை அவர் புதிதாக எடுத்திருந்தால் சந்தோஷமாகப் போய்ப் பார்த்திருப்பேன். அதைச் சந்திரமுகியின் அரண்மனைக்குள் குடிவைத்ததைத்தான் ஏற்க முடியவில்லை. கன்னடத்திலும் தெலுங்கிலும் 2010-லேயே வாசு இந்தக் கதைக்குத் தொடர்ச்சி எடுத்தார், அங்கேயும் ராஜாவை நோக்கித்தான் கதை நகர்ந்தது. அதைப் பார்த்தே நான் சுதாரித்திருக்க வேண்டும். ரசிகனின் மனசு கேட்கவில்லை.

படத்துக்கு அக்கா மகனையும் கூட்டிப் போயிருந்தேன். ஒன்பது வயது. முதல் படத்தைத் துண்டு துண்டாக டிவியில் பார்த்திருக்கிறான், முழுதாகப் பார்த்ததில்லை. திரும்பி வரும் வழியில் வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடி கேட்டான்: “மாமா, அப்போ அந்தக் கங்காவுக்கும் நெஜமாவே பேய்தான் புடிச்சிருந்துச்சா?”

எனக்கு பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு படம் நன்றாக இல்லை என்றால் மறந்துவிட்டுப் போகலாம். இது பின்னால் போய், கங்காவையும் பேய் பிடித்தவளாக ஆக்கிவிட்டது. சித்தியின் முகம் கண்முன் வந்து போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய படத்தை முதலிலிருந்து போட்டுக்கொடுத்தேன். அக்காவும் வந்து உட்கார்ந்தாள். சலங்கைச் சத்தம் வந்தபோது அவன் என் பக்கம் நகர்ந்தான். கட்டில் காட்சியில் தலையணைக்குப் பின்னால் ஒளிந்தான். பிறகு மெல்லத் தலையை நீட்டி, ஒன்றும் புரியாமல் விழிக்கும் கங்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“பாவம் மாமா,” என்றான். “அவங்களுக்குச் சரியாயிடுமா?”