உண்ணியைச் சுட வேண்டாம்
நாயைக் கடித்துக்கொண்டிருக்கும் உண்ணி மேல் வாசலின் தடவினாலோ தீக்குச்சியால் சுட்டாலோ தானாக விழுந்துவிடும் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியில்லை. உண்ணி தன் வாயைத் தோலுக்குள் செருகி, பல இனங்களில் பசை போன்ற ஒன்றையும் சுரந்து ஒட்டிக்கொண்டிருக்கும், சட்டென்று விடாது. சீண்டினால் கிருமியுள்ள திரவத்தை உள்ளே கக்கவும் கூடும். சுட்டால் நாயின் தோலும் வெந்துபோகும், பாவம். கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, முறுக்காமல், நிதானமாக நேரே இழுங்கள். உப்பிய வயிற்றை நசுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் தளத்தில் உண்ணி அகற்றும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வாசலின், சூடு, நகப்பூச்சு எதுவும் வேண்டாம் என்றே இருக்கும். உங்கள் கால்நடை மருத்துவரிடமும் கேட்கலாம்.