கணினியைக் குறிசொல்பவள் என்று அழைக்கும் நாடு

ஒரே ஒரு வெளிநாட்டுக்குத்தான் போக முடியும் என்றால் எங்கே போவீர்கள் என்று யார் கேட்டாலும் என் பதில் பல வருடங்களாக மாறவில்லை. ஐஸ்லாந்து. கேட்டவர் உடனே, "வானத்தில் ஆடுமே, அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்க்கவா?" என்பார். அது கண்ணில் பட்டால் மகிழ்ச்சிதான். எரிமலை, பனியாறு, வெந்நீர் ஊற்று எல்லாவற்றையும் படங்களில் பார்த்து வியந்திருக்கிறேன். ஆனாலும் என்னை அங்கே இழுப்பது அந்த ஊர் மொழி.

ஒரு சொல்லில்தான் இது தொடங்கியது. கணினிக்கு ஐஸ்லாந்து மொழியில் 'டோல்வா' என்று பெயர். 'தாலா' என்றால் எண். 'வோல்வா' என்பவள் அவர்களுடைய பழங்கதைகளில் வரும் குறிசொல்லும் பெண். இரண்டையும் இணைத்து, எண்களைக் கொண்டு குறிசொல்பவள் என்று அந்த இயந்திரத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1960களில் இந்தச் சொல்லை உருவாக்கியவர் சிகுர்துர் நோர்தால், பழைய இலக்கியத்தில் ஊறிய அறிஞர். நேற்று வந்த இயந்திரத்துக்குள் ஆயிரம் வருடத்துக் கிழவி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தொலைபேசிக்கு 'சீமி'. நூல், கயிறு என்ற பொருளில் இருந்து வழக்கொழிந்துபோன ஒரு சொல்லைத் தூசி தட்டி எடுத்து, கம்பி வழியே பேசும் கருவிக்குச் சூட்டினார்கள். இன்று கம்பியே இல்லை, சீமி மட்டும் எல்லார் பையிலும் இருக்கிறது. மின்சாரம் அவர்களுக்கு 'அம்பரின் ஆற்றல்' (அம்பர் என்பது கல்லாய் இறுகிப்போன பழைய மரப்பிசின்). செயற்கைக்கோள், 'செயற்கை நிலா'. போர்க்களத்து டாங்கி, 'ஊர்ந்து வரும் டிராகன்'. பெங்குவினுக்கு 'கொழுப்பு வாத்து' என்று பெயர் வைத்தவர் 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் யோனாஸ் ஹால்கிரிம்சன். அவர் இயற்கை அறிவியலும் படித்தவர், அறிவியலுக்கென்று நிறைய சொற்களை ஆக்கித் தந்தவர். அவர் பிறந்த நவம்பர் 16ஆம் தேதியைத்தான் ஐஸ்லாந்து மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

"கலைச்சொல் எல்லாம் அகராதியில் தூங்கும், வாயில் வராது" என்று சலித்துக்கொள்பவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். டோல்வா ஐஸ்லாந்தில் குழந்தைகள் வாயில் வருகிறது. சரி, எல்லாச் சொல்லும் பிழைத்துவிடவில்லைதான். பீட்சாவுக்கு, தட்டையாகச் சுட்டது என்ற பொருளில் ஒரு சொல் செய்து பார்த்தார்கள். மக்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பீட்சா பீட்சாவாகவே நின்றுவிட்டது. அதனால் என்ன? பத்துச் சொல் ஆக்கினால்தானே நான்கு நிலைக்கும். ஆக்குவதையே நிறுத்திவிட்டால் ஒன்றும் நிலைக்காது. நாட்டின் மக்கள்தொகையே சுமார் 4 லட்சம். அவ்வளவு சிறிய கூட்டம் இதைச் செய்யும்போது, கோடிக்கணக்கில் பேசும் மொழிக்காரர்கள் ஆள்பலம் இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த நாட்டின் வரலாற்றில் ஒரே ஒரு நாளை நேரில் பார்க்கும் வரம் கிடைத்தால் நான் கேட்பது 1971 ஏப்ரல் 21.

அதற்கு முந்தைய கதை பெரியது. ஐஸ்லாந்தின் பழங்கதைகளும் பாடல்களும் கன்றுத்தோலில் எழுதப்பட்டவை. காலம் போகப் போக வறுமையில் அந்தத் தோல் ஏடுகளின் அருமை மறந்துபோனது. துணி வெட்டும் மாதிரியாகவும் செருப்புக்குள் வைக்கும் அட்டையாகவும் அவற்றை வெட்டிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆர்னி மாக்னூசன் என்ற அறிஞர் கிடைத்ததையெல்லாம், கிழிந்த துண்டுகளைக்கூட விடாமல், சேகரித்தார். ஐஸ்லாந்து அப்போது டென்மார்க் ஆட்சியில் இருந்ததால் சேகரித்தவை கோபன்ஹேகனுக்குப் போயின. 1728இல் அந்நகரத்தில் பெருந்தீ. ஒரு பகுதி எரிந்தது, மீதியைக் காப்பாற்றினார்கள். இரண்டே வருடத்தில், 1730இல், ஆர்னி இறந்துவிட்டார். தொகுப்பு அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குப் போனது.

1944இல் ஐஸ்லாந்து குடியரசானது. ஆனால் ஏடுகள் டென்மார்க்கிலேயே இருந்தன. கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். டென்மார்க் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, வழக்கு நடந்தது, கடைசியில் 1971 ஏப்ரல் 21 அன்று டென்மார்க் கடற்படைக் கப்பல் ஒன்று இரண்டு நூல்களைச் சுமந்து ரெய்க்யவிக் துறைமுகத்துக்கு வந்தது. பள்ளிக்கும் கடைக்கும் விடுமுறை. துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி நின்றார்கள். ராஜாவும் வரவில்லை, விளையாட்டு வீரரும் வரவில்லை. வந்தவை இரண்டு பழைய புத்தகங்கள். மேலும் பல ஏடுகள் அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 1997 வரை வந்துகொண்டே இருந்தன. டென்மார்க்கையும் இந்த இடத்தில் மனதாரப் பாராட்ட வேண்டும். ஆண்ட நாடு எடுத்துப்போனதைத் திருப்பிக் கொடுப்பது உலகத்தில் தினமும் நடப்பதில்லை.

அந்த ஏடுகள் இப்போது 'எட்டா' என்ற புதிய கட்டடத்தில் இருக்கின்றன. எழுத்துக்கூட்டலை இன்றைய வழக்குக்குக் கொஞ்சம் மாற்றி அச்சிட்டால், 13ஆம் நூற்றாண்டில் எழுதிய கதையை இன்றைய மாணவரால் படித்துவிட முடிகிறது. மொழி அவ்வளவு குறைவாக மாறியிருக்கிறது.

ஆனால் எல்லாம் நலமாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். குழந்தைகள் விளையாடும் விளையாட்டும் பார்க்கும் காணொளியும் ஆங்கிலத்தில். போதாக்குறைக்கு ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் சுற்றுலாப் பயணிகள், அதாவது ஊர் மக்களைப்போல் ஐந்து மடங்கு. உணவகத்துப் பட்டியல் முதலில் ஆங்கிலத்தில் வருவது அங்கே உண்மையான கவலை. நான் போய் இறங்கினால் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். இந்த எண்ணம் என்னை உறுத்துகிறது. அதனால் வெறுங்கையோடு போகக் கூடாது என்று முடிவு செய்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். வணக்கமும் நன்றியும் தாண்டிச் சில வாக்கியங்களாவது அவர்கள் மொழியில் பேசிவிட வேண்டும்.

சேர்த்ததில் எனக்குப் பிடித்தது 'க்ளுக்கவேதுர்', ஜன்னல் வானிலை. உள்ளே உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்க்க அழகாகவும் வெளியே போனால் நடுங்க வைப்பதாகவும் இருக்கும் நாள். இன்னொன்று 'ஹேம்ஸ்குர்'. மூடன் என்று பொருள். வீடு என்ற சொல்லிலிருந்து பிறந்தது, வீட்டை விட்டு வெளியே போகாதவன் என்ற கருத்தில். தீவில் வாழ்ந்து கடலில் திரிந்த மக்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்!

போவது நவம்பரில்தான். குளிரும், பகல் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும், தெரியும். 16ஆம் தேதி அங்கே இருக்க வேண்டும். எட்டாவில் கருத்துப்போன ஒரு கன்றுத்தோல் ஏட்டின் முன்னால் நிற்க வேண்டும். சுருக்கக் குறிகள் நெருக்கியடித்த அந்தக் கையெழுத்தை எனக்குப் படிக்க வராது. பக்கத்தில் நிற்கும் யாரிடமாவது, நான் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ஒரு வாக்கியத்தில், முதல் வரியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்பேன்.