செக்சம் எரர் வந்தாலே மதர்போர்டு போய்விட்டதா?

"சீமாஸ் செக்சம் எரர் வந்தால் மதர்போர்டு போச்சு, மாற்றித்தான் ஆக வேண்டும்" என்று சிலர் சொல்வது தவறு. தயவுசெய்து அதை நம்பிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது திரையில் வரும் அந்தச் செய்திக்கு, சீமாஸ் என்ற சிறு நினைவகத்தில் சேமித்து வைத்த பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்ஸ் கெட்டுவிட்டன என்பதுதான் பொருள். பெரும்பாலும் போர்டிலுள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரி (சிஆர்2032) தீர்ந்திருக்கும். தேதியும் நேரமும் பழையதாகக் காட்டினால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பவர் கேபிளைக் கழற்றிவிட்டுப் புதிய பேட்டரியைப் போடுங்கள். அப்புறம் பயாஸில் தேதியைச் சரிசெய்து சேமியுங்கள். முன்பு பயாஸில் சாட்டா (ஹார்டு டிஸ்க் இணைப்பு) ரெய்டு முறையில் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் முறை) இருந்திருந்தால் அதையும் மறக்காமல் திரும்ப வையுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். புது பேட்டரி போட்டும் அதே எரர் திரும்பத் திரும்ப வந்தால், அப்போது போர்டைச் சந்தேகிக்கலாம்.