காப்பிக்கடையில் உட்கார்ந்தால் குடிக்க ஏதாவது சொல்லுங்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வந்துவிட்டுப் போகிறவர்கள் போடும் படங்களில் ஓர் அறிவிப்புத் தாள் அடிக்கடி கண்ணில் படுகிறது. தீவின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் காப்பிக்கடைச் சுவரில் ஒட்டியிருப்பது. குடிக்க எதுவும் வாங்காமல் மேசையில் உட்கார்ந்தால் ஆளுக்கு 50 காசு என்று அதில் எழுதியிருக்கும். படத்துக்கு மேலே 'பகல் கொள்ளை' என்று ஒரு வரி. கீழே அதற்கு ஆமாம் போட ஒரு கூட்டம். நான் கடைக்காரர் பக்கம். அந்த 50 காசே குறைவு என்பது என் கட்சி.

இந்தக் கடைகள் எப்படி ஓடுகின்றன என்று தெரிந்தால் கோபம் பாதி இறங்கிவிடும். முகப்பில் நான்கைந்து ஒட்டுக்கடைகள் நிற்கும். ஒருவர் சார் கோய் தியாவ் என்னும் தட்டை அரிசி நூடுல்ஸ் பிரட்டுவார், ஒருவர் கறி மீ என்னும் குழம்பு நூடுல்ஸ் ஊற்றுவார், ஒருவர் லக்சா என்னும் மீன்சாற்று நூடுல்ஸ். ஒவ்வொன்றும் தனி வியாபாரம், தனிக் கல்லா. நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும், தட்டு மேசைக்கு வந்ததும் அவரவருக்கு அங்கேயே காசு கொடுக்க வேண்டும். கடையை நடத்துகிறவர் பெரும்பாலும் சமைப்பதே இல்லை. ரொட்டி பாக்கார் என்னும் வாட்டிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, அவ்வளவுதான் அவர் அடுப்பு. அவர் விற்பது காப்பி, தே (தேநீர்), பார்லி, ஐஸ் போட்ட எலுமிச்சைத் தே. மேசை, நாற்காலி, மின்விசிறி, கழிவறை, தரை கழுவுகிற ஆள், இவை எல்லாம் அவர் செலவு. ஒட்டுக்கடைக்காரர்கள் கொடுக்கும் இட வாடகையும், நீங்கள் குடிக்கும் அந்த ஒரு கோப்பையும்தான் அவர் வருமானம். நான்கு பேர் ஒரு தட்டு மீ வாங்கிப் பகிர்ந்துகொண்டு, பையிலிருந்து சொந்தத் தண்ணீர்ப் புட்டியை எடுத்து வைத்து, மதிய நேரத்தில் ஒரு மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தால், கடைக்காரருக்கு அதில் சல்லிக்காசு கிடையாது.

இத்தனைக்கும் அங்கே கிடைக்கும் காப்பி அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய பொருள் இல்லை. கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, துணிப்பையில் போட்டு இறக்குகிற காப்பி. வெளிநாட்டுக் காப்பி ரசிகர்கள் கசப்பு என்று முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். இங்கே வந்த சீனச் சமூகங்களில் ஹைனான்காரர்கள் பிந்தி வந்தவர்கள். நல்ல தொழில்களை எல்லாம் மற்றவர்கள் பிடித்துக்கொண்டதால் வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலைக்குப் போனார்கள், அப்புறம் காப்பிக்கடை போட்டார்கள். அந்தக் கைவரிசைதான் இன்றைக்கும் அந்தத் துணிப்பையில் இருக்கிறது. வெறுமனே 'கோப்பி' என்றால் கட்டிப்பால் போட்டு இனிப்பாக வரும். 'கோப்பி ஓ' பால் இல்லாதது, ஆனால் சர்க்கரை உண்டு. 'கோப்பி சி' என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். சர்க்கரையே வேண்டாம் என்றால் எதோடும் 'கோசோங்' சேர்த்துச் சொல்லுங்கள். காப்பி ஆகாதவர்களுக்கு ஜாதிக்காய்ச் சாறு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் வாசனைப் பயிர் போட்டுப் பார்த்த தீவு இது, அந்த ஜாதிக்காய் இன்னும் கோப்பையில் ஓடுகிறது. வெயிலில் அலைந்துவிட்டு வந்து அதை ஐஸோடு குடித்தவர்கள் 50 காசு பற்றிப் பேச மாட்டார்கள்.

சரி, இவ்வளவு கறாராக நான் பேசுவதற்குக் காரணம் வாடகை.

கீழே கடை, மேலே வீடு என்று கட்டிய ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் இத்தனை காலம் இடிபடாமல் நின்றதில் 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. போருக்கு முந்தைய கட்டடங்களில் வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரை லேசில் கிளப்பவும் முடியாது. வீட்டுக்காரருக்கு அதில் லாபமில்லை, அதனால் பழுதுபார்க்கவும் மாட்டார், இடிக்கவும் வழியில்லை. கட்டடம் நைந்து நின்றது, ஆனால் உள்ளே தையல்காரர், கூடை முடைபவர், காப்பிக்கடைக்காரர் எல்லாரும் இருந்தார்கள். அந்தச் சட்டத்தை 1997-இல் ரத்துசெய்தார்கள். கொடுத்திருந்த அவகாசம் முடிந்து 2000 பிறந்ததும் வாடகை பல மடங்கு ஏறியது. ஆள்கள் வெளியேறினார்கள். காலியான வீடுகள் சிலவற்றில் சன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் கீச்சொலி போட்டு, கூடு கட்டும் குருவிகளைக் குடிவைத்தார்கள். குருவிக்கூட்டு சூப்புக்கு அவ்வளவு கிராக்கி. பாரம்பரியப் பகுதியில் அந்தத் தொழிலை 2013 கடைசிக்குள் நிறுத்தச் சொல்லி அதிகாரிகள் கெடு வைக்க வேண்டிவந்தது.

இதற்கு நடுவே 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்தது. கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் பட்டம் காப்பாற்றுவது ஓட்டுக்கூரையை, முகப்பை, கடை வாசலை ஒட்டிய ஐந்தடி நடைபாதையை. உள்ளே யார் அடுப்பு மூட்டுகிறார்கள் என்பது அதன் கையில் இல்லை. இன்று பல கடைவீடுகள் அழகாகச் சுண்ணாம்பு பூசி, விடுதியாக நிற்கின்றன. 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்துக்குப் பிறகு ஆர்மேனியன் தெருவில் ஐஸ்கிரீமுக்கும் காந்தப் பொம்மைக்கும் பஞ்சமில்லை. அந்தப் பக்கத்துப் புதுக் கஃபேக்கள் மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. குளிரூட்டிய இடத்தில் கேக் சாப்பிட நானும் போகிறேன். ஆனால் பாருங்கள், அங்கே காப்பிக்குப் பல மடங்கு விலை வைத்தால் யாரும் படம் எடுத்துத் திட்டுவதில்லை. பனியன் போட்ட அங்கிள் 50 காசு கேட்டால் மட்டும் கொள்ளை.

வரிசை விஷயத்துக்கு வருகிறேன். கெங் குவீ சந்தில் செண்டோல் வாங்க நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். 1936-இலிருந்து என்று பெயர் பெற்ற கடை. பச்சை நூல், தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, சிவப்புப் பயறு, துருவிய ஐஸ். நல்ல செண்டோல், மறுக்கவில்லை. வரிசை குட்டையாக இருந்தால் நில்லுங்கள். சந்தைத் தாண்டி முக்கியச் சாலை வரைக்கும் நீண்டிருந்தால் அது செண்டோலுக்கான வரிசை இல்லை, படத்துக்கான வரிசை. நகரத்தில் வேறு இடங்களிலும் செண்டோல் கிடைக்கும், உட்கார்ந்து சாப்பிடலாம். 2022 டிசம்பரில், நல்ல உணவகங்களைத் தேர்ந்து சொல்லும் மிஷலின் கையேடு முதன்முறையாகக் கோலாலம்பூரையும் பினாங்கையும் எடுத்துக்கொண்டது. ஒட்டுக்கடைகள் சிலவற்றின் பெயரும் அதில் வந்தது. அவர்களுக்கு நல்லது நடந்ததில் மகிழ்ச்சி. ஆனால் சார் கோய் தியாவ் என்ன, அண்டாவில் வடிக்கிற சோறா? வாணலி புகைகிற சூட்டில் ஒன்றிரண்டு தட்டு அளவுக்குத்தான் போட முடியும். கூடப் போட்டால் சூடு இறங்கி, மீ வதங்கித் தண்ணீர் விட்டுவிடும், அந்தக் கருகல் வாசனை வராது. ஆக, பேர் எவ்வளவு பெருகினாலும் கை இரண்டுதான். ஒன்று வரிசை நீளும், இல்லையென்றால் ருசி இறங்கும். அடுத்த தெருவில் வரிசையில்லாத கடையில் நின்று, சட்டியில் ஒவ்வொரு தட்டாகப் பிரட்டுகிறாரா என்று பாருங்கள். பிரட்டினால் உட்காருங்கள். பன்றிக் கொழுப்பில் பிரட்டுவது அங்கே வழக்கம், ஆகாதவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து நாசி கண்டார். இங்கே நான் கடைக்காரருக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை.

தமிழ்நாட்டு மண்ணிலிருந்து இங்கே வந்த தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று சுமந்து, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு அது. காம்பெல் தெருவில் 1907-இலிருந்து இருக்கும் ஹமீதியாவில் தொடங்கி, பினாங்கு சாலையோரச் சந்துக்குள் இருக்கும் லைன் கிளியர் வரை, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் சூலியா தெருவையும் சுற்றியுள்ள இந்தப் பகுதியின் மணமே அதுதான். ஒரு குழம்போடு நிற்காமல், மீன், கோழி, இறால் என்று மூன்று நான்கு குழம்பைக் கரண்டி கரண்டியாகச் சோற்றின் மேல் ஊற்றுவதில்தான் ருசி. 'பாஸ், குவா பஞ்சிர்' என்றால் சோறு மூழ்கும்படி ஊற்றுவார். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஊற்றத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், கலந்த பிறகு சொல்லிப் பயனில்லை. தமிழிலேயே சொல்லலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை, அது அங்கே தினமும் கேட்கிற பேச்சு.

என் புகார் விலையைப் பற்றியது. தட்டைப் பார்ப்பார், உங்களையும் ஒரு பார்வை பார்ப்பார், ஒரு தொகை சொல்வார். அதே கோழி, அதே வெண்டைக்காய், போன வாரம் ஒன்று, இந்த வாரம் ஒன்று. ஒரு கடையில் கணவா முட்டை ஒரு துண்டுக்கு என்ன கணக்கு என்று கேட்டதற்கு, கல்லாவில் இருந்தவர் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து 'அடுத்து' என்றார். விலையை எழுதி வைக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் சட்டம். காப்பிக்கடை அங்கிள் 50 காசைக் கூடத் தாளில் எழுதி ஒட்டுகிறார், திட்டும் வாங்குகிறார். இவர்கள் எழுதாமலே தப்பிக்கிறார்கள். பெரிய மீன்தலை, பெரிய இறால் இவற்றைக் கை காட்டுவதற்கு முன்னால் 'எவ்வளவு' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

லிட்டில் இந்தியா பற்றித் தமிழர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் தோசையோ வாழையிலைச் சாப்பாடோ தேடுகிறவர்களுக்கு அந்த நாலு தெருவே போதும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் மூன்று வேளையும் அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), ரொட்டி சானாய் (பரோட்டா), தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) என்று நாங்கள் எல்லா இனமும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் காலை உணவுப் பழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு காலைப்பொழுதையாவது அதற்குக் கொடுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் பல கடைகளில் சட்டி கழுவிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, அந்த இரண்டு கைகளைப் பற்றி. ஒட்டுக்கடைகளில் உள்ளூர் உணவுகளை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தலைமைச் சமையல்காரராக நின்று சமைக்கக்கூடாது என்று பினாங்கு மாநில அரசு 2014-இல் அறிவித்து, 2016 ஜனவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தட்டு கழுவலாம், பரிமாறலாம், வாணலியைத் தொடக்கூடாது. ருசி கெட்டுவிடும் என்ற கவலை. கவலை நியாயம், தீர்வு எனக்குச் சரியாகப் படவில்லை. விடியற்காலை எழுந்து சாறு காய்ச்சும் அந்த அங்கிளின் மகன் பாயான் லெப்பாஸில் பொறியாளராக இருப்பான். 1972-இல் அங்கே தொழிற்பேட்டை வந்ததிலிருந்து, பிள்ளைகள் வாணலிப் புகையில் நிற்காமல் குளிரூட்டிய தொழிற்சாலைக்குள் போக வேண்டும் என்பதற்காகத்தானே அப்பாக்கள் மீ விற்றார்கள்? அந்தப் பையனைத் திரும்பி வா என்று கூப்பிட எனக்கு வாய் வராது. அப்படியானால் வாணலியை யார் பிடிப்பது? பக்கத்திலேயே பல வருடம் நின்று, காய் நறுக்கி, தீயின் சூடு பழகிய மியன்மார்க்காரருக்கு அந்தக் கை வராது என்று யார் சொன்னது? ஹைனானிலிருந்து வந்தவர் காப்பி போட்டார், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் நாசி கண்டார் சுமந்தார், அன்றைக்கு அவர்களிடம் எந்த நகர மன்றமும் குடியுரிமைத் தாள் கேட்கவில்லை. ருசியைச் சோதிக்க வேண்டுமானால் தட்டைச் சோதியுங்கள், அடையாள அட்டையை விட்டுவிடுங்கள். உரிமம் கொடுக்கும் மன்றத்துக்கு அது ஒன்றும் முடியாத வேலை இல்லை.