பிள்ளைக்குக் கடைசியில் 'ஒய்' போட்டது யார்?

நம் நீலகிரியில் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இ-சேவை மையத்தில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடும்போது எல்லாரும் தடுமாறும் ஒரு கட்டம் உண்டு. 'சர்நேம்'. நமக்கு இனிஷியல் உண்டு, சர்நேம் கிடையாது. பின்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள். கணினி முன்னால் இருக்கும் தம்பி "அப்பா பேரப் போட்ரட்டுமாண்ணா?" என்று கேட்பார். சில இடத்தில் கேட்காமலேயே கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தில் ஒரு குடும்பத்துக்கு நிரந்தரமாகப் பெயர் விழுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, நாயுடு, முதலியார், கவுண்டர் பெயர்களெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் விழுந்தன.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரை சேர்ந்தது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை போனவர்கள் 1,52,184 பேர். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். அதில் இருந்த கலங்கள்: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். குடும்பப் பெயருக்குக் கலமே இல்லை. ஏறிய ஆள் 'முனுசாமி, த/பெ பெருமாள்'. அவ்வளவுதான்.

குடும்பப் பெயர் அடுத்த தலைமுறையில் வந்தது. பிறப்புப் பதிவு, பள்ளிக்கூடம், கோர்ட்டு, நிலப்பத்திரம் எல்லாம் சர்நேம் கேட்டன. மூன்று வழியில் அதை நிரப்பினார்கள். சிலருக்குத் தகப்பன் பெயரே நின்றது. இன்று டர்பனில் பெருமாள், முன்சாமி, கோவிந்தசாமி என்ற சர்நேம்கள் இருப்பது அதனால்தான். அந்தப் பெருமாள் யாரோ ஒருவருடைய அப்பா. சிலருக்குப் பட்டப்பெயர் நின்றது: பிள்ளை 'பில்லே' ஆனார், நாயுடு 'நாய்டூ', முதலியார் 'மூட்லி', கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார்கள். செட்டியும் படையாச்சியும் அவ்வளவாக மாறவில்லை. சிலருக்குத் தொழில் நின்றது. ஆச்சாரி, பத்தர், மேஸ்திரி மூன்றுமே அங்கே சர்நேம்கள். நம் பந்தலூர், கூடலூர் எஸ்டேட்டுகளில் மேஸ்திரி என்றால் ஆள் சேர்த்து வேலை வாங்குபவர் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல் தென்னாப்பிரிக்காவில் பேரன், கொள்ளுப்பேரன் வரை பெயராக ஒட்டிக்கொண்டது.

சாதிக் கலம் ஒன்று, தகப்பன் பெயர்க் கலம் ஒன்று, எதை சர்நேம் ஆக்குவது என்று சட்டம் எதுவும் இல்லை. புதிய ஊரில் பட்டத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. நானூறு ஐந்நூறு பேரோடு கடலில் போய், ஊர்க் கட்டுப்பாடு எட்டாத இடத்தில் குடியேறியவர்கள் அவர்கள். அதனால் மே மாத சீசனில் ஊட்டிக்கு வரும் தென்னாப்பிரிக்கக் கோவெண்டர் குடும்பத்தைப் பார்த்து "நீங்க எந்தக் கவுண்டர்?" என்று கேட்பது அர்த்தமில்லாத கேள்வி. அது அவர்களைச் சங்கடப்படுத்தும், நமக்கும் சரியான தகவல் கிடைக்காது. தயவுசெய்து கேட்காதீர்கள்.

எழுத்துக்கூட்டலைப் பாருங்கள், அதில்தான் உண்மையான தகவல் இருக்கிறது. 'பிள்ளை' ஆங்கிலத்தில் 'ஏ, ஐ' என்று முடிந்தால் அநேகமாக இந்தியா, மலேசியா, சிங்கப்பூர். 'ஏ, ஒய்' என்று முடிந்தால் தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், பிஜி. ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்த நவநீதம் பிள்ளை டர்பனில் பிறந்தவர். அவருக்கு 'ஒய்'. ரீயூனியன் தீவு பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்ததால் அங்கே 'புள்ளே' என்று பிரெஞ்சு உச்சரிப்புப்படி எழுதினார்கள். அந்தத் தீவின் அரசியல்வாதி ஜான்-போல் வீராப்புள்ளேயின் சர்நேம் நம் வீரப்பிள்ளைதான். ஆங்கில எழுத்தர் 'ஊ' ஓசைக்கு இரண்டு 'ஓ' போடுவார். பிரெஞ்சு எழுத்தர் 'ஓ, யு' போடுவார். முத்துசாமி மொரீஷியஸில் ஒரு மாதிரி, கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் ஒரு மாதிரி எழுதப்படுவது இதனால்தான். பெயரின் எழுத்து எந்தச் சாதி என்று சொல்வதைவிட எந்தக் கொடியின் கீழ் இறங்கினார்கள் என்று தெளிவாகச் சொல்லும்.

பிரெஞ்சுத் தீவுகளிலும் மொரீஷியஸிலும் பட்டப்பெயரைவிடச் சாமி பெயரும் தலத்தின் பெயரும் அதிகம் நின்றன. குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்றி சிதாம்பரோம் பெயரில் இருப்பது நம் சிதம்பரம். மொரீஷியஸில் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர் பரமசிவம் பிள்ளை வையாபுரி. பிள்ளை நடுவில் இருக்கிறது, குடும்பப் பெயராக நின்றது வையாபுரி. பழனிக்கு அது பழம்பெயர், அங்கே வையாபுரிக் குளம் இன்றும் இருக்கிறது. நம் பக்கத்து மலையடிவாரத்து ஊர்ப்பெயரை இந்துமாக்கடல் தீவில் ஒரு குடும்பம் சுமந்துகொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் நடுவில் உள்ள பிள்ளையை மட்டும் பார்ப்பவர்கள் எத்தனை பேர்!

பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் போனது 1903-ல் தொடங்கி, 1916-ல் முடிந்தது. அங்கே கவுண்டர் 'கவுண்டார்' ஆனார், சாமி தனி சர்நேம் ஆனது. 1987 ராணுவப் புரட்சிக்குப் பிறகு நிறையக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனதால், சிட்னியிலோ ஆக்லாந்திலோ 'கவுண்டார்' என்று கண்டால் ஈரோட்டை நினைக்காதீர்கள், முதலில் பிஜியை நினையுங்கள். மலேசியா, சிங்கப்பூர் வழி வேறு. மலேசியாவில் தன் பெயர், 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி', பிறகு அப்பா பெயர். சிங்கப்பூரில் 'எஸ்/ஓ', 'டி/ஓ'. மகன், மகள் என்பதுதான் பொருள். சர்நேம் என்பதே இல்லை.

இங்கே என்ன ஆனது? 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரோடு போடக்கூடாது என்று தீர்மானம் போட்டது. இரண்டு மூன்று தலைமுறையில் தமிழ்நாட்டில் அது பழக்கமாகவே ஆகிவிட்டது. கப்பல் ஏறியவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். இங்கே நாம் கழற்றி வைத்தது அங்கே சட்டப்படியான குடும்பப் பெயராகப் பதிவாகிவிட்டது. தில்லையாடி வள்ளியம்மையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1898-ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த பெண். நமக்கு அவர் பெயருக்கு முன்னால் ஊர். அங்கே அவர் வள்ளியம்மா முனுசாமி முதலியார். ஒரே பெண்ணுக்கு இரண்டு பெயர் முறை. எனக்குத் தில்லையாடிதான் பிடித்திருக்கிறது.

முன்னால் ஊர் வைப்பது நம் மலையில் இன்னும் உயிரோடு இருக்கும் வழக்கம். படகர்களில் முதல் இனிஷியல் ஹட்டி, அதாவது ஊர், அடுத்தது அப்பா. சென்னை சட்டசபையில் உறுப்பினராக இருந்த எச்.பி. அரி கவுடரின் 'எச்' ஹுப்பதலை, 'பி' பெள்ளி. இப்படி இரண்டு இனிஷியல் உள்ளவர்கள் பாஸ்போர்ட்டில் விரித்து எழுதும்போது எதை சர்நேம் கட்டத்தில் போடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அண்ணனுக்கு ஹட்டி, தம்பிக்கு அப்பா என்று போய்விட்டால் வெளிநாட்டில் இருவரும் ஒரே குடும்பம் என்று காட்ட ஒவ்வொரு முறையும் பிறப்புச் சான்றிதழை நீட்ட வேண்டிவரும்.

இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அப்படி வந்தவர்களுக்காக 1968-ல் தொடங்கியதுதான் நம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள். அந்தக் குடும்பங்களின் பழைய பாஸ்போர்ட்டிலும் குடும்ப அட்டையிலும் பெயர்கள் இலங்கை எஸ்டேட் எழுத்துக்கூட்டலில் இருக்கும். அங்கே 'லெட்சுமி', இங்கே பள்ளிக்கூடத்தில் 'லக்ஷ்மி'. தாத்தா பெயர் ஒரு மாதிரி, அப்பாவின் டி.சி.யில் இன்னொரு மாதிரி. பேரன் கனடாவுக்கோ துபாய்க்கோ கிளம்பும்போதுதான் இது வெளியே வருகிறது. அந்தப் பழைய அட்டையைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். லேமினேஷன் செய்யாமல், ஸ்கேன் எடுத்து, அசலைக் காகித உறையில் வையுங்கள். அதில் உள்ள இந்திய ஊர், தாலுகா வரிதான் உங்கள் வீட்டின் பூர்வீகத்துக்கு எழுத்துச் சாட்சி.

வெளிநாட்டுச் சொந்தங்கள் யாராவது "எங்க ஊரக் கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று உங்களிடம் கேட்டால், சர்நேமை வைத்துத் தேடாதீர்கள். கப்பல் பதிவு எண்ணைக் கேளுங்கள். நேட்டாலுக்குப் போனவர்களுக்கு அந்த எண் பழைய ஒப்பந்தத் தாளிலும் பிறப்புப் பதிவிலும் இருக்கும். மொரீஷியஸ் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகம், பலருக்கு அங்கே போட்டோகூட இருக்கிறது. எண் கிடைத்தால் ஜில்லா, தாலுகா, ஊர் கிடைக்கும். அடுத்து ஜில்லாவை இன்றைய வரைபடத்துக்கு மாற்ற வேண்டும். 'வட ஆற்காடு' என்றால் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, 1911-க்கு முந்தியது என்றால் ஆந்திராவின் சித்தூர்ப் பக்கமும் சேரும். 'சேலம்' என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அதற்குள். நம் கூடலூர் 1877 வரை மலபார் ஜில்லாவின் வயநாட்டில் இருந்தது. இதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு: பிரெஞ்சுத் தீவுப் பதிவுகளில் 'மலபார்' என்று இருந்தால் கேரளம் என்று பொருளல்ல. தமிழ் பேசுகிறவர்களை அங்கே அப்படித்தான் அழைத்தார்கள், ரீயூனியனில் இன்றும் 'மல்பார்' என்பது அவர்களுக்கான சொல். இதை அறியாமல் பாலக்காட்டில் போய்த் தேடுவது வீண் அலைச்சல். ஊர்ப் பெயரை எழுத்துப்படி பார்க்காமல் வாய்விட்டுப் படியுங்கள். ஊருக்குப் போனால் "பிள்ளை வீடு எது?" என்று கேட்காமல், தகப்பன் பெயரையும் குலசாமியையும் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது நம் கட்டத்துக்கு வருவோம். காலியாக விடுவதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். இந்திய பாஸ்போர்ட் காலியாக விட அனுமதிக்கும், சிக்கல் வெளியே போனபிறகுதான். அமெரிக்க விசாவில் இருக்கும் ஒற்றைப் பெயரை சர்நேம் ஆக்கி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு' என்று அச்சடிப்பார்கள். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமம், வங்கி, கல்லூரி எல்லாம் அதையே பெயராக எடுத்துக்கொள்ளும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்க மாட்டோம் என்று விமான நிறுவனங்களுக்குச் சொன்னது. பான் கார்டு விண்ணப்பத்திலோ தலைகீழ்: ஒற்றைப் பெயர்க்காரர் அதைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு பக்கம், பான் கார்டில் இன்னொரு பக்கம் என்று ஒரே ஆள் இரண்டு ஆளாவது இப்படித்தான்.

என் கருத்து இதுதான். அப்பா பெயரை சர்நேமில் முழுதாகப் போடுங்கள், ஒரே சொல்லாக. சாதிப் பட்டத்தை அந்தக் கட்டத்தில் போடாதீர்கள். 1929-ல் இறக்கி வைத்ததை ஒரு கட்டத்துக்காக மறுபடி தோளில் ஏற்ற வேண்டாம். வெளிநாட்டிலேயே நிலைக்கப் போகிறவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். மகனுக்கு அப்பா பெயர் ராமசாமி சர்நேம். பேத்தி பிறந்தால் மகன் பெயரா, ராமசாமியா? தலைமுறைக்குத் தலைமுறை மாற்றினால் பள்ளியிலும் விமான நிலையத்திலும் பெற்றோரும் குழந்தையும் வேறு வேறு சர்நேமில் நிற்பார்கள். தாத்தா பெயரிலேயே நிறுத்திவிடுவது நல்லது என்பது என் எண்ணம். டர்பன் பெருமாள் குடும்பங்கள் செய்ததும் அதுதான், ஆனால் அவர்களைக் கேட்டு யாரும் செய்யவில்லை. நாம் கலந்து பேசிச் செய்யலாம்.

வரிசை முக்கியம். முதலில் ஆதாரில் இனிஷியலை விரியுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், அதனால் எழுத்துக்கூட்டலை உறுதி செய்துகொண்டு போங்கள். அடுத்து பான், அப்புறம் பாஸ்போர்ட். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இனிஷியலோடுதான் இருக்கும், அதில் உள்ள எழுத்தும் நீங்கள் விரிக்கும் பெயரின் முதல் எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். 'எஸ்' என்று இருந்து அப்பா பெயரை 'சி, எச்' போட்டு 'சின்னசாமி' என்று விரித்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கேள்வி கேட்கும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடம்தான். படகர் பெயர் போல ஊர், அப்பா, தன் பெயர் மூன்றும் சேர்ந்தால் எண்ணிப் பாருங்கள், இடைவெளிகளும் கணக்கில் வரும். ஏற்கெனவே காலியாக வாங்கிவிட்டவர்கள், மறு வெளியீட்டுக்கு விண்ணப்பித்துப் பெயரைப் பிரித்துக்கொள்ளலாம்.

இ-சேவை மையத்துக்குப் போகும் முன்பு வீட்டில் ஒரு தாளை எடுத்து, தாத்தா முதல் கைக்குழந்தை வரை எல்லார் பெயரையும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். இலங்கை அட்டை இருந்தால் அதில் உள்ள எழுத்துக்கூட்டலையும் பக்கத்தில் குறியுங்கள். எதை வைத்துக்கொள்வது என்று பெரியவர்களோடு பேசி, அதன்மேல் வட்டம் போடுங்கள். அந்தத் தாளைத் தம்பியிடம் கொடுத்து, "இதைப் பார்த்து அடிங்க தம்பி" என்று சொல்லுங்கள். சமர்ப்பிக்கும் பட்டனை அழுத்தும் முன் திரையை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள்.