21 நாள் கணக்கு சரியில்லை

புதுப் பழக்கத்தை வளர்க்க தினமும் பதினைந்து நிமிடம் போதும் என்று உங்கள் கட்டுரை சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அதில் வரும், 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்ற வரியைத் திருத்துங்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வில், பழக்கம் படிய சுமார் 66 நாள் ஆனது. அதுவும் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. தண்ணீர் குடிக்கும் பழக்கம் சீக்கிரம் வந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் என் தங்கை ஒரு நாள் படிக்காமல் போனதற்கே எல்லாம் போச்சு என்று அழுதாள். இப்போது இரவுச் சாப்பாடு முடிந்ததும் படிக்க உட்கார்ந்துவிடுகிறாள், யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.